வெள்ளிக்கிழமை பாட்டில்

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில். பக்கத்து நாற்காலிப் பெண்மணி கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆய்வாளர். தன் தோழிக்கு நடந்ததாகச் சொன்னார். (தோழிக்கு என்றால் யாருக்கு என்று உங்களுக்கே தெரியும். நான் கேட்கவில்லை.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கழிவுநீரும் ஒரு நதிதான், அதன் ஆழத்தில்...' அடித்துவிட்டேன். தோழி படித்தால் சிரிப்பாள்.

2.

தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் அழுக்கைத் தின்று வாழ்கிறது. வாடகைக்குக் குடியிருப்பவர்கள் மாதிரி, நிலையில்லாத கூட்டம். மழை பெய்தால் சிலர் காலி செய்வார்கள், வெயில் ஏறினால் வேறு சிலர் குடிவருவார்கள். காற்று குறைந்தாலோ, தண்டின் மேல் மணி போல நிற்கும் உயிர்களுக்குத்தான் முதல் அடி. வாரம் இருமுறை நுண்ணோக்கியில் அவற்றை எண்ணுவது தோழியின் வேலை. மூன்று வருடமாக எண்ணிக்கை தப்பியதில்லை.

(குறையே இல்லாதவளை யார் நம்புவார்கள்? அவசரக்காரி, கொஞ்சம் தலைக்கனம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.)

3.

வெள்ளிக்கிழமை, மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன். தொட்டி நீர் எடுத்த பாட்டிலை மேசையிலேயே போட்டுவிட்டு ஓடினாள். இரண்டு நாள் வெக்கையில், மூடிய பாட்டிலுக்குள் காற்று தீர்ந்து மணிகள் செத்தன. திங்கள் காலை பாட்டிலை, தொட்டியைக் கவனிக்கும் ஆபரேட்டர்தான் நிரப்பி மேசையில் வைப்பார். அன்று தாமதமாக வந்தவள், மேசையில் இருந்தது அதுதான் என்று நினைத்து எண்ணினாள், லேபிளைப் பார்க்கவில்லை. 'தொட்டியில் காற்று இல்லை' என்று எழுதிக் கொடுத்தாள்.

"சனி ஞாயிறு ரெண்டு நாளும் புளோயரை நிறுத்திட்டு நல்லாத் தூங்கியிருக்கான்," என்றார் மேனேஜர். தொட்டிக்குக் காற்று ஊதும் அந்த இயந்திரம் ஆபரேட்டர் பொறுப்பு. அன்றே அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

புதன்கிழமை குளிர்பெட்டியைத் திறந்தாள். உள்ளே, ஆபரேட்டர் கையெழுத்தில் தேதி போட்டு, திங்கட்கிழமை பாட்டில். அவள் வரத் தாமதமானதால் பத்திரப்படுத்தியிருக்கிறார். ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தாள். குளிரில் சோம்பியிருந்தாலும் மணிகள் உயிரோடு இருந்தன. திங்களன்று எண்ணிய பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தாள்: வெள்ளிக்கிழமை.

4.

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறாள். அவர் திரும்பி வருகிறார், இவள் வேலை போகிறது.

முடிவு இரண்டு: பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறாள். அடுத்த வாரம் கூட்டம் செழிப்பாகத்தான் இருக்கும். "ஆளை மாத்தினதும் தொட்டி தேறிடுச்சு, பாத்தீங்களா?" என்பார் மேனேஜர். ஆபரேட்டர் வீட்டில் அவர் மனைவி —

(இந்த வாக்கியம் வேண்டாம். அழ வைக்கப் பார்க்கிறது.)

இரண்டாவது முடிவை எழுதும்போது கை தங்குதடையில்லாமல் ஓடியது. எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

5.

ஆகவே அந்தப் பெண்மணி சொன்னதை மட்டும் எழுதுகிறேன். அதே புதன்கிழமை, மேனேஜர் அறை வாசலில் குளிர்பெட்டிப் பாட்டிலோடு நிற்கிறாள். சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆபரேட்டர் வெளியே வருகிறார்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல மேடம். நீங்க எண்ணினா தப்பாது. நான்தான் எங்கயோ கோட்டை விட்டிருக்கேன். என்ன தப்புன்னு மட்டும் சொல்லுங்க, அடுத்த எடத்துல அதைப் பண்ணாம இருப்பேன்."

பதிலுக்காக நிற்கிறார். அவள் வாயில் ஒரு சொல்லை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. நீங்களே சொல்லுங்கள், அவர் செய்த தப்பு என்ன என்று.