ஐம்பது மீட்டர் பர்ஜி

"ஸ்வந்த பர்ஜி இதெயாம்மா?"

சங்கத்துக் காரியதரிசி கோதண்டராமையா நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்தான் கன்னடத்தில் கேட்டார். சரசுவின் காதில் அது பஜ்ஜி என்று விழுந்தது. பஜ்ஜியைச் சொந்தமாகச் செய்யாமல் வாடகைக்கா எடுத்து வருவார்கள் என்று நினைத்துக்கொண்டே, "இதெ சார்" என்றாள்.

"எஷ்டு ஹோகுத்தெ?"

எவ்வளவு போகும் என்றால்? அரைக் கிலோ கடலை மாவு, நாலு வாழைக்காய். கூட்டம் வேறு வரும். "ஐவத்து ஹோகுத்தெ சார். பிசி பிசி!" என்றாள். ஐம்பது போகும், சுடச்சுட.

கோதண்டராமையாவின் பேனா நின்றது. முப்பது வருஷம் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சரசுவை மேலும் கீழும் பார்த்தார். 'சுடச்சுட' என்றதை ரத்தத்தின் சூடு என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அவள் பேருக்கு எதிரே ஐம்பது என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

அது தொண்ணூற்றாறாம் வருஷத்து ராஜ்யோத்சவம், கர்நாடகம் பிறந்த நாள் விழா. ஒவ்வொரு நவம்பர் ஒன்றாம் தேதியும் பெண்களுக்கு எலுமிச்சம்பழ ஸ்பூனும் மியூசிக்கல் சேருமாகவே போய்க்கொண்டிருந்ததில் கோதண்டராமையாவுக்கு அலுப்புத் தட்டிவிட்டது. இந்த வருஷம் புதிதாக ஒன்றைச் சேர்த்தார். "மஹிளெயரிகெ பர்ஜி ஸ்பர்தெ! பர்ஜி நீவே தரபேக்கு!" என்று ஓட்டை ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ பெங்களூர் ஆஸ்டின் டவுன் முழுக்கக் கத்திக்கொண்டு போனது. பெண்களுக்கான போட்டி, பொருளை நீங்களே கொண்டு வரவேண்டும் என்றால் அது பஜ்ஜியாக இல்லாமல் வேறு எதுவாக இருக்கும்?

சரசு அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பன்னிரண்டு வருஷம். அவளுக்கு ஒரு பேர் இருக்கிறது என்பது ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு அவள் பச்சை கேட் வீட்டம்மா. பேர் கொடுத்த அன்று சாயங்காலம் அதே ஆட்டோ, "ஸ்ரீமதி சரஸ்வதி இளங்கோவன்!" என்று கூவியது. அதற்குப் பின்னால் வந்ததைக் கரகரப்பு விழுங்கிவிட்டது. சரசு அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மாடி வீட்டு ருக்கு தடதடவென்று இறங்கி வந்தாள். ருக்குவின் வாய் தூங்கும்போது மட்டும் மூடியிருக்கும் என்பார்கள். அவள் புருஷன் அதையும் ஒத்துக்கொள்ள மாட்டான்.

"இன்னா சரசு, உன் பேரு ரோடு ரோடா சுத்துது! நீ போடற பஜ்ஜி எண்ணெயில முங்கி எழுந்த கோழியாட்டம் இருக்கும். நானும் பேரு குடுத்துட்டேன். உன்துதா என்துதா, பாத்துக்கலாம் வா."

மறுநாள் குழாயடியில் மமதா, "சரசக்கா, ஐவத்து மீட்டரா? எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள். மமதா மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரி.

"பஜ்ஜிக்கு எதுக்குடி மீட்டரு?"

மமதா சிரித்த சிரிப்பில் குடம் நிறைந்து வழிந்தது. "பஜ்ஜி அல்லக்கா! பர்ஜி. ஈட்டி! தூக்கி எறியறது!"

பேரை அடித்துவிட்டு வரலாம் என்று சரசு சங்கத்து வாசல் வரைக்கும் போனாள். அங்கே கரும்பலகையில் அவள் பேரைக் கலர் சாக்பீசில் எழுதி, சுற்றிப் பூ வேறு போட்டிருந்தார்கள். ஐம்பது மீட்டர் எறியும் அம்மாளைப் பார்க்கக் கார்ப்பரேட்டரே வருகிறாராம். பேரை அழித்தால் நாளை முதல் மறுபடியும் பச்சை கேட்தான். சரசு திரும்பிவிட்டாள்.

படியில் ருக்கு வழிமறித்தாள். "ஏன்டி, நீ வாழைக்காயா மிளகாயா? ஒரே மாதிரி ஆயிடப் போவுது."

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். எண்ணெயில் முங்கிய கோழி ஞாபகத்துக்கு வந்தது. "உன் இஷ்டம் ருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஈட்டிக்கு எங்கே போவது? புருஷன் இளங்கோவனிடம் ஒரு கத்தி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியது. பிடி உள்ளே குழாய் மாதிரி பொள்ளல். மூடியைத் திருகினால் அதில் ஒரு திசைகாட்டி. குழாய்க்குள் தீக்குச்சி, தூண்டில் முள், ஊசி நூல். காட்டில் மாட்டிக்கொண்டால் உயிரைக் காப்பாற்றும் என்பான். அவன் போன பெரிய காடு லால்பாக் பூங்கா.

"அந்தப் பொள்ளல்ல கம்பைச் செருகினா ஈட்டிதானே?" என்று சரசு கேட்டபோது, "என் கத்தியா?" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். ஆனால் ஃபாக்டரியில் ஃபிட்டர் வேலை பார்க்கிற கை சும்மா இருக்குமா? கால் மணி நேரத்தில் ஒட்டடைக் கம்பின் நுனியைச் சீவ உட்கார்ந்துவிட்டான். சீவிச் சீவி, அரம் போட்டுத் தேய்த்து, பிடிக்குள் இறக்கினான். கொஞ்சம் லொடலொடத்தது.

"குறுக்கால ஒரு ஆணி அடிச்சிடுங்க."

"கத்தியில ஓட்டையா? என்னைப் போட்டு ஓட்டை பண்ணு!" என்று சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றினான்.

பின்கட்டில் மூன்று நாள் பயிற்சி. முதல் தடவை கொடியில் காய்ந்த அவன் சட்டை போனது. இரண்டாவதில் பிளாஸ்டிக் பக்கெட். "முனை முன்னாடி போவணும்டி! நீ தொடப்பம் வீசற மாதிரி வீசற!" மூன்றாம் நாள் கோணி மூட்டையில் போய்க் குத்தி நின்றது. இளங்கோவன் கைதட்டினான். அவள் செய்த ஒன்றுக்கு அவன் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

போட்டியன்று மைதானத்தில் ஜேஜே என்று கூட்டம். பேர் கொடுத்தவர்களே இரண்டு பேர்தான். இளங்கோவன் ஈட்டியைப் பழைய புடவையில் சுற்றிப் பந்தலுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றான். முதலில் ருக்குவைக் கூப்பிட்டார்கள். அவள் அலுமினிய டப்பாவோடு கோட்டருகே வந்தாள்.

"பர்ஜி எல்லிம்மா?" என்று ஈட்டி எங்கே எனத் தேடினார் கோதண்டராமையா.

ருக்கு மூடியைத் திறந்தாள். ஆவி பறந்தது. "மிளகா பஜ்ஜி சார். ஒண்ணு எடுத்துக்குங்க."

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கோதண்டராமையா கையை ஓங்கி எறிகிற மாதிரி செய்து காட்டினார். அவ்வளவுதான், மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. ருக்கு பின்வாங்குகிறவளா? "எறியத்தானே வேணும்?" என்று ஒரு பஜ்ஜியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு முழு பலத்தோடு விட்டெறிந்தாள். நல்ல எறிதான். ஆனால் அளக்கிற டேப் போய்ச் சேருவதற்குள் ஒரு நாய் அதை முடித்துவிட்டது.

அடுத்தது, "ஸ்ரீமதி சரஸ்வதி இளங்கோவன்!"

புடவைச் சுற்றிலிருந்து ஈட்டி வெளியே வந்தபோது ருக்குவின் சிரிப்பு நின்றது. கத்தியின் பளபளப்பையும் வளைத்துச் சுற்றிய டியூபையும் பார்த்தாள். ஒரு நாளில் செய்ததல்ல அது என்று யாருக்கும் தெரியும். சரசு அந்தப் பக்கம் பார்க்காமல் ஓடி வந்து எறிந்தாள்.

கம்பு ஐந்து மீட்டரில் சொத்தென்று விழுந்தது. கத்தி டியூபை விட்டுக் கழன்று, தனக்கு வேறு வேலை இருப்பதுபோல் பறந்து போய், கோல் போஸ்ட் பக்கம் ஈர மண்ணில் குத்தி நின்றது.

"இதுல யாவுது பர்ஜி?" என்றார் கார்ப்பரேட்டர்.

கோதண்டராமையா கம்பைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். "முனை எல்லி குத்துதோ அதே பர்ஜி!" என்று தீர்ப்புச் சொன்னார். பத்தொன்பது மீட்டர். ஐம்பதில் பாதிகூட இல்லை. ஆனால் எதிரே இருந்தது நாய் தின்ற பஜ்ஜி. இளங்கோவன் கத்தியைப் பிடுங்கி வர ஓடினான். மைக்கில் சரசுவின் பேரை மூன்று தடவை சொல்லி ஒரு எவர்சில்வர் குடத்தைக் கையில் கொடுத்தார்கள்.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சரசு ருக்குவைத் தேடினாள். அவள் பந்தல் ஓரத்தில் தனியாக நின்றிருந்தாள். ஏதாவது திட்டுவாள், தெருவே கேட்கிற மாதிரி திட்டுவாள் என்று சரசு காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"ருக்கு, நான் அன்னிக்கே சொல்லலாம்னுதான்..."

ருக்கு அவளை நிமிர்ந்து பார்த்தாள். டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். மூடியில் ஒட்டியிருந்த மாவை முந்தானையால் துடைத்தாள். பிறகு மைதானத்தின் நடுவாக, கூட்டம் வழிவிட, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள்.