சில்வாப்லானா ஏரிக்கு வந்த போர்க்கப்பல்

1985ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கடின் பள்ளத்தாக்கின் சில்வாப்லானா ஏரிக்கு மூன்று பாய்மரங்களும் ஒரு புகைபோக்கியும் கொண்ட போர்க்கப்பல் ஒன்று பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. கருங்கடல் சண்டையில் எதிரிக் கப்பலொன்றைத் துரத்தி, தன்யூப் ஆற்றில் ஏறி, இன் ஆற்றுக்குள் திரும்பி, நூற்று முப்பது வருடங்களாக மேலே மேலே வந்துகொண்டிருந்த கப்பல் அது. எதிரி இன்னும் அகப்படவில்லை. கொதிகலனுக்கு நெருப்புப் போடுகிறவர்கள் வழியிலேயே வயதாகிச் செத்துப்போனதால் பாயை மட்டும் நம்பி வந்ததாகக் கப்டன் ஊர் நிர்வாக அலுவலகமான கந்தோரில் சொன்னார். பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடும் பக்கம் வரவேண்டாம் என்று மட்டும் கந்தோர்க்காரர் கேட்டுக்கொண்டார்கள்.

கரையிலிருந்த ஹோட்டலில் கோப்பை கழுவிய சச்சிதானந்தனுக்கு அப்போது நித்திரையே இல்லை. அவனுடைய அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டு, மாத முடிவுக்குள் நாட்டை விட்டுப் புறப்படச் சொல்லியிருந்தார்கள். ஊரில் தம்பியைப் பிடித்துக்கொண்டுபோன ராணுவம் இவனையும் தேடியது. வல்வெட்டித்துறையைச் சேர்ந்த அவன், கிரேக்கக் கப்பல்களின் இயந்திர அறைகளில் வேலை செய்தவன். கப்டனுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் ஏப்ரனைக் கழற்றினான்.

"அண்ணை, உது சண்டைக் கப்பல்," என்றான் கூடக் கழுவிய குகநாதன். "சண்டைக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனீங்கள்?"

"ஓம். உந்தச் சண்டையிலை எனக்கு ஒருத்தரோடையும் கோவமில்லை."

"அவங்கள் சுட்டா?"

"குண்டு வந்து சேர இன்னும் நூறு வருசம் எடுக்கும்."

புது இயந்திரத்தைக் கிளப்பும்போது ஊரில் செய்வதுபோல, கொதிகலன் முன்னால் தேசிக்காய் வெட்டிக் கற்பூரம் கொளுத்தினான். கப்பல் எங்கே போகிறது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. கற்பூரம் காட்டிய கப்பல் நிற்கக்கூடாது என்பது அவனுடைய ஊர் வழக்கம். கப்பலும் அதை ஏற்றுக்கொண்டது. பற்றிய நெருப்பு அதற்குப் பிறகு அணையவில்லை. மலைக்கு அப்பால் எதிரி இருப்பதாகக் கப்டன் சொல்ல, மலையேற முடியாத கப்பல் இரவும் பகலும் ஏரியைச் சுற்றியது. நங்கூரம் போட்டால் அதையும் இழுத்துக்கொண்டு போனது. படுத்தாலும் சச்சிதானந்தனின் கால்கள் நடந்துகொண்டே இருந்தன.

மாத முடிவில் இரண்டு பொலிஸார் கரைக்கு வந்து, ஏன் இன்னும் புறப்படவில்லை என்று கேட்டார்கள். குகநாதன் அதைத் தமிழில் கத்தினான். முகமெல்லாம் கரியோடு சச்சிதானந்தன் மேல்தளத்துக்கு வந்தான்.

"வெளிக்கிட்டிட்டன் எண்டு சொல்லு."

பொலிஸார் பார்த்தார்கள். பாய் விரிந்திருந்தது, புகை கிளம்பியது, கப்பல் போய்க்கொண்டிருந்தது. புறப்பட்டுவிட்டவனைப் பிடித்து அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. அடுத்த மாதமும் வந்தார்கள். அப்போதும் அவன் புறப்பட்டுக்கொண்டிருந்தான். 1989இல் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். கப்பல் கரைப்பக்கம் சுற்றி வரும் நேரங்களில் ஹோட்டல்காரர்கள் புகைக்கரி படியாதிருக்கப் படுக்கை விரிப்புகளை உள்ளே காயப்போட்டார்கள்.