பூட்டனின் கால்

காலை ஏழரை மணிக்கு அண்ணி போன் செய்தபோது, சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுவிட்டு மறுபடி அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி தானாக என்னைக் கூப்பிடுவது அபூர்வம். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால்தான் அவர் நம்பர் என் போனில் வரும்.

"தம்பி, இன்னிக்குப் படத்துக்கு அவரைக் கூட்டிட்டுப் போக வேணாம்."

"ஏன் அண்ணி? அண்ணனுக்கு ஏதாவது..."

"அவருக்கு ஒண்ணுமில்ல. குளிச்சு முடிச்சு, சட்டையும் போட்டு, ஆறு மணிலேர்ந்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துக்கிட்டிருக்காரு. டிக்கெட் இல்லைன்னு நீங்களே ஏதாவது சொல்லிடுங்க."

"நானே வரச் சொல்லிட்டு நானே எப்படி அண்ணி..."

 அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "அந்தப் பூட்டன் யாருன்னு எனக்குத் தெரியும் தம்பி. மூணாவது புத்தகம் வந்தப்பவே தெரியும்."

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

'ஊடுருவி' படக்கதையை நான் எழுதி வரைய ஆரம்பித்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. எந்தச் சுவரானாலும், எந்தக் கதவானாலும் புகுந்து வெளியே வந்துவிடுகிற நாயகன். அவனுக்கு எதிரி பூட்டன். இடுப்பில் சாவிக்கொத்து, இழுத்து இழுத்து நடக்கும் இடது கால், ஊரில் ஒரு கதவு திறந்திருந்தால்கூடத் தூக்கம் வராத மனிதன். நாக்கை 'ட்ச்' என்று கொட்டிவிட்டு, "கேக்குதா? கேக்குதான்னு கேக்குறேன்!" என்பான். பிள்ளைகளுக்கு ஊடுருவியைவிட அவனைத்தான் பிடிக்கும். பள்ளிக்கூட மைதானத்தில் அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டு நொண்டி ஓடும் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். சிரித்துக்கொண்டு கடந்து போயிருக்கிறேன்.

நாக்குக் கொட்டலும் காலும் சாவிக்கொத்தும் அண்ணனுடையவை. ஒரு காகிதக் கிடங்கின் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். படக்கதை என்றால் அவருக்குக் கிறுக்கல். தம்பிக்குக் கிறுக்கினால்கூடச் சோறு போடுகிறார்கள் என்பதில் ஒரு பெருமை உண்டே தவிர, ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டியதில்லை. அப்படித்தான் இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன். புரட்டாமல் பார்த்துக்கொண்டது அண்ணி என்று எனக்குத் தெரியாது.

"யாராச்சும் குடுத்தா வாங்கிப் பரண்ல தூக்கிப் போட்டுருவேன்" என்றார் அண்ணி. "அச்சுல வந்தத மறைச்சேன். சினிமாவை எங்க தம்பி மறைக்கிறது? வாண்டு வேற 'சின்னத் தாத்தா படம், சின்னத் தாத்தா படம்'னு வீட்டையே ரெண்டாக்கிட்டா."

வாண்டு அண்ணனின் பேத்தி. ஒன்பது வயது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். டிக்கெட்டில் ஏதோ குளறுபடி, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இழுத்தேன்.

"சீட்டு இல்லாட்டி என்னடா? ஓரமா நின்னு பாத்துக்கிறேன். தம்பி எடுத்த படம்."

"நான் எடுக்கலண்ணே, அது வேற டைரக்டர்."

"கதை உன்னுதுதானே? அப்ப எல்லாம் ஒண்ணுதான். வண்டி எத்தனை மணிக்கு வரும், அதச் சொல்லு."

சொன்னேன்.

ஊடுருவியைப் படமாக எடுத்திருந்தார்கள்; அது வெளியாவதற்கு முந்தைய சிறப்புக் காட்சி. காலை பத்து மணிக்கு, குழுவினரின் குடும்பங்களுக்கும் நாலைந்து பள்ளிகளின் பிள்ளைகளுக்குமாக ஏற்பாடு செய்திருந்தார்கள். போகும் வழியெல்லாம் எனக்கு டப்பிங் அறைதான் கண்ணுக்குள் நின்றது. பூட்டனுக்குக் குரல் கொடுத்த கலைஞருக்கு முதல் இரண்டு நாளும் குரல் பிடிபடவில்லை. "சார், உங்க மனசுல எப்படிக் கேக்குதுன்னு ஒரு தடவை பேசிக் காட்டுங்களேன்" என்று இயக்குநர் கேட்டாள். முப்பது வயது தாண்டாத பெண், கேட்டால் மறுக்க முடியாது. நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்று அண்ணனைப் போலப் பேசினேன். நாக்குக் கொட்டல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு வரும் அந்த இடைவெளி, 'கேக்குறேன்' என்பதில் கடைசியில் ஏறும் சுருதி, எல்லாம். ஒலிப்பதிவாளர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் இன்னொரு முறை செய்து காட்டினேன். யாரும் கேட்காமலே மூன்றாவது முறையும்.

அரங்கில் எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் வாண்டு உட்கார்ந்தாள். அண்ணனுக்கு அந்தப் பக்கம் அண்ணி. விளக்கு அணைந்ததும் அண்ணன் என் பக்கம் குனிந்து, "உன் பேரு எப்ப வரும்?" என்றார். வந்தபோது தனியாகக் கைதட்டினார். முன் வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

பன்னிரண்டாவது நிமிஷத்தில் பூட்டன் வருவான். எனக்கு அது மனப்பாடம். திரையில் ஒரு நீண்ட தாழ்வாரம், முதலில் சாவிச் சத்தம், அப்புறம் கால் தேயும் சத்தம். பிள்ளைகள் அதற்கே கத்த ஆரம்பித்துவிட்டார்கள். பூட்டன் வெளிச்சத்துக்கு வந்து நாக்கைக் கொட்டி, "கேக்குதா? கேக்குதான்னு கேக்குறேன்!" என்றதும் அரங்கமே சேர்ந்து சொன்னது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அண்ணன் எல்லோரும் சிரிக்கிறார்களே என்று மரியாதைக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் புரியவில்லை போலிருக்கிறது என்று மூச்சு விட்டேன். மனிதனுக்குத் தன் குரல் வெளியிலிருந்து கேட்டால் அடையாளம் தெரியாதாமே.

இரண்டாவது முறை பூட்டன் பேசியபோது வாண்டு சீட்டில் எம்பிக் குதித்தாள். "தாத்தா! உங்கள மாதிரியே பேசுறான்! நடக்கிறதுகூட!"

அண்ணனின் சிரிப்பு முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் தங்கி, பிறகு மெல்லப் போனது. என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, முன் சீட்டின் முதுகில் இரண்டு கைகளையும் ஊன்றி, படம் முடியும்வரை அப்படியே பார்த்தார். வாண்டு எதையோ கேட்டபோது "உஸ்" என்றார். கடைசியில் ஊடுருவி பூட்டனை அவனுடைய இரும்பு அறைக்குள்ளேயே தள்ளி அடைக்கிறான். பிள்ளைகள் சீட்டின் மேல் ஏறி நின்று கத்தினார்கள். அண்ணன் கைதட்டவில்லை. கைகள் முன் சீட்டிலேயே இருந்தன.

வெளிச்சம் வந்ததும் என்னையும் இயக்குநரையும் மேடைக்கு அழைத்தார்கள். பிள்ளைகள் கேள்வி கேட்கலாம் என்றார் தொகுப்பாளர். ஊடுருவி குளிக்கும்போது தண்ணீர் அவனுக்குள் புகுந்து போகுமா என்று ஒருவன் கேட்டான். வில்லனுக்கு அம்மா உண்டா என்று ஒருத்தி. பதில் சொல்லிக்கொண்டே அண்ணன் இருந்த வரிசையைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டேன். மைக் கைமாறிக் கைமாறி அங்கேயே போய்ச் சேர்ந்தது.

"சின்னத் தாத்தா! பூட்டனுக்கு ஏன் கால் நொண்டுது?"

முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ வாசகர்கள் கடிதம் எழுதிக் கேட்ட கேள்வி. ஒருமுறையும் பதில் எழுதியதில்லை. 

"அது... அவன் பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்டா கண்ணு."

"இல்ல" என்றது மைக்.

அண்ணன் வாண்டின் கையிலிருந்து அதை வாங்கியிருந்தார். எழுந்து நின்றார். மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று தெரியாமல் வாயில் இடித்துக்கொண்டார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"பொறவிக் கால் இல்ல அது. அவன் வீட்ல ஒரு சின்னப் பையன் இருந்தான். அப்பா அம்மா கிடையாது. தெருவுக்கு ஓடிருவான், எங்கயாவது போய் விழுந்துருவான்னு, பூட்டன் வேலைக்குப் போறப்ப அவனை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போவான். தப்புதான். வேற வழி தெரியல. ஒரு நாள் வேலை பாக்குற எடத்துல பெரிய காகித உருளை ஒண்ணு உருண்டு வந்து கால் மேல ஏறிருச்சு. மயக்கம் தெளிஞ்சு பாத்தா மறுநாள் காலைல ஆஸ்பத்திரி. எலும்பை நேரா வச்சுக் கட்டணும், அசையாம படுங்கறாரு டாக்டர். சாவி இவன் இடுப்புல. எங்கேர்ந்து படுக்கிறது? கட்டாத காலோட எறங்கி வந்துட்டான். அது கோணலா ஒட்டிக்கிச்சு. அவ்வளவுதான்."

 எனக்கு அந்த அறை தெரியும். ஒரு பானைத் தண்ணீரும் பாதி ரொட்டியும். நாள் முழுக்கக் கத்திவிட்டு, மறுநாள் காலையில் கரித்துண்டால் சுவரில் ஒரு மனிதனை வரைந்தேன், பாதி உடம்பு சுவருக்குள்ளும் பாதி வெளியிலுமாக. மத்தியானம் கதவு திறந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணன் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓங்கி அறைந்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த அறைதான் என்னிடம் தங்கியது. ஆஸ்பத்திரியில் காலைக் கட்டித்தான் அனுப்பிவைத்தார்கள், அதற்குமேல் சரியாகவில்லை என்றே நினைத்திருந்தேன். யாரிடமும் கேட்டதில்லை.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு சிறுமி மைக் இல்லாமலே கத்தினாள். "அந்தப் பையனைக் காப்பாத்திட்டானா?"

"கதவைத் தொறந்தான்" என்றார் அண்ணன். பிறகு, "அடிச்சுட்டான்" என்றார்.

"ஏன்?"

அண்ணன் நாக்கைக் கொட்டினார். பிள்ளைகளில் சிலர் அடுத்து வரும் வசனத்துக்காக வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்கள்.

"பயந்துட்டான் பாப்பா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தொகுப்பாளர் எதற்கென்று தெரியாமலே கைதட்டச் சொன்னார். எல்லோரும் தட்டினார்கள். இயக்குநர் என் காதருகே வந்து, "சார், யாரு அவரு? அடுத்த பாகமே இதுல இருக்கு சார்" என்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. நான் ஏதோ சொன்னேன், என்ன என்று நினைவில்லை. 

வெளிக்கூடத்துக்கு வருவதற்குள் கூட்டம் மறித்துக்கொண்டது. தூண் ஓரத்தில் அண்ணி தனியாக நின்றார். கைப்பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார்.

"காலு கதை எனக்குத் தெரியும்" என்றார். "அடிச்சத எங்கிட்டகூடச் சொன்னதில்ல தம்பி."

"நான் போய்ப் பேசுறேன் அண்ணி."

"என்னன்னு பேசுவீங்க?"

 அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கூடத்தின் மறுகோடியில், கண்ணாடிக் கதவுகளுக்குப் பக்கத்தில், பிள்ளைகள் அண்ணனைச் சுற்றி வளைத்துவிட்டிருந்தார்கள். என் கையெழுத்துக்காகக் கொண்டுவந்த போஸ்டர்களை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்கள். "பூட்டன் தாத்தா, இதுல!" "எனக்கு மொதல்ல!" வாண்டு மெய்க்காப்பாளர் மாதிரி இரண்டு கையையும் விரித்து, வரிசையில் வரச் சொல்லி எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு தடித்த பேனாவை அண்ணன் கையில் திணித்தார்கள். அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். தலையை நிமிர்த்திக் கூட்டத்துக்கு மேலாகத் தேடி, என்னைக் கண்டுகொண்டார். நான் கையைத் தூக்கினேன், பாதி வரைதான் போனது.

அவர் என்னையே பார்த்தார். சிரித்தாரா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாரா, தெரியவில்லை. பிறகு இடது காலை மெதுவாக நீட்டி, வலது முட்டியின் மேல் பாரத்தைப் போட்டுக் குனிந்து, ஒரு சிறுமியின் முதுகில் போஸ்டரைப் பரப்பினார். "ஆடாம நில்லு பாப்பா" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். எழுத்து எழுத்தாக, கிடங்குச் சீட்டில் எழுதுவது போல நிறுத்தி நிதானமாக எழுதினார். எந்தப் பெயரை எழுதுகிறார் என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. சிறுமிக்கு முதுகு கூசியிருக்க வேண்டும். உதட்டைக் கடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றாள்.