தொற்றே இல்லாத ஏழு வருஷம்

கண் ஆஸ்பத்திரி வாசலில் ஆளுயரப் பலகை: 'ஏழு ஆண்டுகள்! ஒரு தொற்றுகூட இல்லை!' கீழே பெரிய டாக்டர் கைகட்டிச் சிரிக்கும் படம். அதை நம்பித்தான் தையல்காரர் தன் வலது கண்ணைப் புரை எடுக்கக் கொடுத்தார். இடது கண் சின்ன வயதிலிருந்தே சும்மா உட்கார்ந்து சாப்பிடும் ரகம், பிழைப்பெல்லாம் வலதில்தான்.

மூன்றாம் நாள் கண் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்தது. வலி மண்டையைப் பிளந்தது. பெரிய டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "லேசான வீக்கம். சொட்டு மருந்துல போயிடும்" என்றார்.

"விரல் எத்தனைன்னுகூடத் தெரியல டாக்டர்."

"மனசுல பயம் இருந்தா அப்படித்தான்."

தையல்காரரின் மனைவி நாற்காலியை விட்டு எழுந்தாள். "மனசு எங்கயாவது இப்படிச் செவந்து பாத்திருக்கீங்களா? தொத்துன்னு ஒத்துக்கிட்டா போர்டை அழிக்கணும், அதானே?"

நர்ஸ் அவசரமாக ஜன்னலை ஆராய்ந்தாள். உதவி டாக்டரம்மாதான் வாயைத் திறந்தாள். "சார், இப்பவே கண்ணுக்குள்ளேர்ந்து நீர் எடுத்து லேபுக்கு அனுப்பிட்டு, மருந்தையும் உள்ளயே போட்டுடணும். நாளைக்குன்னா பார்வை போயிடும்." பெரிய டாக்டர் தொண்டையைக் கனைத்து முடிப்பதற்குள் தையல்காரரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் ஐந்து நாள் பெரிய டாக்டர் அந்த வார்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. ஆறாம் நாள் லேப் முடிவு வந்தது: மண்ணில் கிடக்கும் ஏதோ பாக்டீரியா, மனிதக் கண்ணில் அபூர்வத்திலும் அபூர்வம். கால் மணி நேரத்தில் பெரிய டாக்டர் பத்து மாணவர்கள், ஒரு கேமரா சகிதம் வந்து நின்றார்.

"ஐயா, இது உலகத்துலயே நாலு பேருக்குத்தான் வந்திருக்கு!" பிள்ளை பிறந்த சேதி சொல்பவரைப்போல முகம் பூரித்தது. "மாநாட்டுல பேசப்போறேன். வாசல்ல புது போர்டு வைக்கிறோம், 'அபூர்வத் தொற்றைக் கண்டறிந்த மருத்துவமனை'ன்னு!"

"கண்டுபிடிச்சது அந்தம்மா" என்றாள் மனைவி.

"அதெல்லாம் கிடக்கட்டும்," என்றார் தையல்காரர். "நான் ஊசியில நூல் கோப்பேனா மாட்டேனா, அதச் சொல்லுங்க."

உதவி டாக்டரம்மா கட்டை அவிழ்த்து, இடது கண்ணை உள்ளங்கையால் மூடச் சொன்னாள். முதலில் வெறும் புகை. புகைக்குள் ஒரு வெள்ளைத் தூண். தூணுக்கு மெல்ல மீசை முளைத்தது.

"என்ன தெரியுது? சத்தமாச் சொல்லுங்க" என்றார் பெரிய டாக்டர், கேமராவுக்கு முகத்தைத் திருப்பி.

தையல்காரர் கழுத்தை நீட்டினார்.

"கோட்டுல ரெண்டாவது பட்டனை மூணாவது ஓட்டையில மாட்டியிருக்கீங்க. ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது. கிட்ட வாங்க டாக்டர், சரிபண்ணி விடறேன்."