ஒரு சாண் விரிப்பு

அநியாயத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? பதினொரு வருடமாகக் கூடாரம் தைப்பவளைக் கூப்பிட்டு, உன் தையல் ஒழுகுகிறது என்று ஒரு காகிதத்தை நீட்டினால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? பதினாலுக்கும் வந்தது.

பதினாலு என்பது அவளுடைய தையல் எண். கூடாரத்தின் தரைத்துணியையும் சுவர்த்துணியையும் சேர்த்துத் தைப்பவர்கள், தங்கள் எண் போட்ட சின்ன நாடாவை உள்மூலையில் வைத்துத் தைக்க வேண்டும் என்பது அந்தத் தொழிற்சாலையின் வழக்கம். நாளடைவில் எண்ணே பெயராக ஒட்டிக்கொண்டது. கட்டிய கணவன்கூட அவளைச் சீண்ட நினைத்தால், "என்ன பதினாலு, கோவமா?" என்றுதான் ஆரம்பிப்பான்.

மூன்று மாதத்தில் ஒன்பது புகார்கள். மழை பெய்தால் தரை ஊறுகிறது, படுக்கை நனைகிறது. ஒன்பதிலும் பதினாலாம் எண். ஆறு பேர் படுக்கும் பெரிய கூடாரத்தைத் தைப்பது அவள் ஒருத்திதானே, வேறு எண் எங்கிருந்து வரும்? இதை யோசிக்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. தளப் பொறுப்பாளர் ஒலிபெருக்கியைப் பிடித்து, அறுபது மெஷின்களையும் நிறுத்தச் சொல்லி, அவள் எண்ணைச் சத்தமாக வாசித்தார். சாதாரணமாகப் பேசினாலே தெருமுனை வரை கேட்கும் குரல் அவருக்கு. அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை மைக்செட் என்பார்கள்.

"நாளையிலேருந்து நீ பேக்கிங்," என்றார் மைக்செட். "குறை என்னோடதுதான்னு நீ ஒத்துக்கிட்டதா இதுல எழுதியிருக்கு. திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்து போடு. போட்டா பேக்கிங்கிலேயே இருக்கலாம். போடலைன்னா வீட்ல இருக்கலாம்."

"என் தையல்ல ஒரு சொட்டு இறங்காது சார்."

"அப்ப தண்ணி என்ன, ஆகாசத்துலேருந்தா வருது?"

மழை பின்னே எங்கிருந்து வருமாம்! கேட்க வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். பேக்கிங் மேசையில் நின்று பெட்டிகளுக்கு நாடா ஒட்டினாள். பத்தடி தூரத்தில் அவளுடைய மெஷினில் வேறு யாரோ உட்கார்ந்து, அவள் உயரத்துக்கு அவள் சரிசெய்து வைத்திருந்த முக்காலியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதைவிட அவளைச் சுட்டது புகார்களோடு இருந்த ஒரு கடிதம். மூன்று வயதுப் பிள்ளை ஈரத்தில் புரண்டு நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தது என்று ஒரு தாய் எழுதியிருந்தாள். தன் தையலால் அப்படி ஆகியிருந்தால்? அந்த நினைப்பே அவளைத் தூங்கவிடவில்லை.

வீட்டில் வந்து கொட்டித் தீர்த்தாள். கணவன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். பாதி காதில் கேட்பவன் மாதிரி இருந்துவிட்டு நிமிர்ந்தான்.

"தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாக்காம எந்த மெக்கானிக்காவது பார்ட்டை மாத்துவானா? சரி, நீ என்னைக்காவது அதுக்குள்ள படுத்திருக்கியா?"

படுத்ததில்லை. ஆயிரக்கணக்கில் தைத்திருக்கிறாள், ஒரு மணி நேரம் உள்ளே இருந்ததில்லை. யோசித்துப் பார்த்தால் அந்தத் தொழிற்சாலையில் வெட்டுகிறவர், தைக்கிறவர், விற்கிறவர், மைக்செட் உட்பட, யாருமே படுத்ததில்லை.

திரும்பி வந்த கூடாரங்களில் ஒன்றை வாயிலில் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு, விடுமுறை நாளில் இருவரும் ஊருக்கு வெளியே ஏரிக்கரை முகாம் மைதானத்துக்குப் போனார்கள். மரத்தடியில் பள்ளமாக ஒரு இடம், மெத்தை மாதிரி புல். கணவன் அங்கேயே பையை இறக்கினான்.

"ஏங்க, ஊர்த் தண்ணியெல்லாம் அங்கதான் வந்து நிக்கும். மேல காஞ்ச கிளை வேற தொங்குது. மேட்டுக்கு வாங்க."

"உத்தரவு மேடம்."

பெட்டி மேலிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள். முதலில், மண் படாமலிருக்க அடியில் போடும் தரைவிரிப்பு. அதன்மேல் கூடாரம். படத்தில் இருந்தபடியே விரிப்பு நாலு பக்கமும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு சாணில் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. மழையைத் தடுக்கும் மேலுறை உள்துணியில் படாதபடி கயிறுகளை இழுத்துக் கட்டினாள். மாற்று உடைகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நடுவில் வைத்தாள்.

மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. கணவன் குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்பையெல்லாம் மூடிவிட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் கூரையின் உட்பக்கம் முத்து முத்தாக நீர்.

"பாத்தியா, ஒழுகுது!"

"ஒழுகல. நீங்க விட்ட மூச்சுதான் அது. தொறங்க மொதல்ல."

திறந்துவைத்ததும் கூரை மெல்லக் காய்ந்தது. அவள் நிம்மதியாகச் சாய்ந்த நேரம் பார்த்து அவன், "என் முட்டி நனையுதே," என்றான்.

தரை ஈரம். சந்தேகமே இல்லை. அவள் தவழ்ந்து போய்த் தன் தையலை மூலையிலிருந்து மூலை வரை விரலால் தடவினாள். தையல் முழுக்கக் காய்ந்து கிடந்தது. ஈரம் நடுவில், முழங்கால் ஊன்றிய இடத்தில், கீழிருந்து கசிந்து வந்தது. அடித்து ஊற்றும் மழையில் வெளியே ஓடி மண்டியிட்டுப் பார்த்தாள். சுவரில் வழிந்த மழையெல்லாம் நீட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு சாண் விரிப்பில் விழுந்து, தேங்கி, அப்படியே விரிப்புக்கும் கூடாரத்தின் தரைத்துணிக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனியின் பெயரே தட்டு ஏந்தித் தண்ணீர் பிடித்து உள்ளே அனுப்பியது!

"அடப்பாவிகளா!" என்று மழையில் நின்று கத்தினாள்.

நாலு பக்கமும் நீட்டலைக் கூடாரத்துக்கு அடியில் மடித்துத் தள்ளினாள். கணவன் கூடாரத்தின் தரையைத் தூக்கிப் பிடித்து அடியில் தேங்கியதைத் துடைத்தான். மழை இன்னும் ஒரு மணி நேரம் பெய்தது. தரையில் பொட்டு ஈரம் இல்லை. அவன் காலை நீட்டிப் படுத்துக் குறட்டையே விட்டான். அவளுக்கு மட்டும் ஆறவில்லை. ஆறு மாதம் முன்பு, வாங்குகிறவர்கள் எடுக்கும் போட்டோவில் பெயர் தெரிய வேண்டும், விரிப்பைப் பெரிதாக்குவோம் என்று யோசனை சொன்னது மைக்செட். நல்ல யோசனை என்று அன்று கைதட்டியவர்களில் அவளும் ஒருத்தி. அதை நினைக்க அவமானமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை தொழிற்சாலை முற்றத்தில் அதே கூடாரத்தைக் கட்டினாள். தோட்டக் குழாயைத் திருப்பிவிட்டாள்.

"உள்ள வந்து மண்டி போடுங்க சார்."

மைக்செட் எழுந்தபோது கால்சட்டையின் இரண்டு முட்டியும் நனைந்திருந்தன. விரிப்பை மடித்துவிட்டு மறுபடி மண்டியிட வைத்தாள். இந்த முறை நனையவில்லை. முதல்முறையாக அவர் குரல் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்டது.

"சரிம்மா. உன் தையல்ல குறை இல்ல. இன்னைக்கே உன் மெஷின்ல போய் உக்காரு."

அப்பாடா என்று இருந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துப் பழைய காகிதத்தின் பின்பக்கம் இப்படி எழுதினார்: சோதித்துப் பார்த்ததில், விரிப்பை மடிக்காமல் போட்டது வாங்கியவர்களின் தவறு.

"இதுல ஒரு கையெழுத்து போடு. ஒன்பது வீட்டுக்கும் பதில் அனுப்பிடலாம். இனிமே தைக்கிற விரிப்பைச் சின்னதா வெட்டிக்கலாம்."

"இன்னைக்கு லாரில ஏறுற நூத்திப் பன்னெண்டு பெட்டி?"

"அது போகட்டும். உள்ள ஒரு துண்டுச் சீட்டு வச்சிடலாம்."

அவள் தன் மெஷினைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியுமா? ஒரு கையெழுத்து. போட்டால் போய் உட்காரலாம், முக்காலியை ஏற்றிக்கொள்ளலாம், மானமும் மிஞ்சும். போன வாரம் அவள் தலையில் கட்டப் பார்த்த பழியை இப்போது காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் தாய் தலையில் கட்ட வேண்டும், அவ்வளவுதான். அவளுக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

"மடிக்கணும்னு அவங்களுக்கு யார் சார் சொன்னா? நீட்டி விரின்னு பெட்டி மேல படம் போட்டு அனுப்பினது நாம. நாம சொன்னபடி செஞ்சாங்க. செஞ்சதுக்குப் புள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. இப்ப தப்பும் அவங்களோடதா?"

"உனக்கு மெஷின் வேணுமா வேணாமா?"

"வேணும். இப்படி வேணாம்."

நேராகப் பேக்கிங் மேசைக்குப் போனாள். முதல் பெட்டியின் நாடாவைக் கிழித்து, விரிப்பை உருவி மேசையில் பரப்பினாள். பெரிய கத்தரிக்கோலை எடுத்துக் கொட்டை எழுத்துகளை ஒட்டி ஒரு சாணையும் கறக் கறக்கென்று வெட்டினாள். பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"கம்பெனி பேரையே வெட்டுறியா? வேலை போயிடும், தெரியுமில்ல?" பழைய குரல் திரும்பிவிட்டது.

"போகட்டும் சார். உள்மூலையில என் நம்பர் இருக்கு. அதை நம்பி எந்தப் புள்ளையும் ஈரத்துல படுக்கக் கூடாது."

மைக்செட் காவலாளியைக் கூப்பிட ஒலிபெருக்கியை நோக்கி ஓடினார். பதினாலு இரண்டாவது பெட்டியைப் பிரித்தாள்.