ஆமென் சொல்லும் வரை

"உன்னை ஆரும் பிடிச்சு இருத்திப் பெறச் சொன்னவையோ?" என்று கூட வேலை செய்கிற உதயகலா அக்கா ஒருநாள் கேட்டாள், கோபமாய்க்கூட இல்லை, கத்தரிக்கோல் எங்கே என்று கேட்கிற குரலில், தையல் மெசினில் இருந்து தலையை நிமிர்த்தாமலே... அதற்கு லவீனா என்ன சொன்னாள், ஒன்றும் சொல்லவில்லை, அவள் எப்போதுதான் கேட்ட உடனே பதில் சொல்லியிருக்கிறாள், பள்ளிக்கூடத்திலும் அப்படித்தானே, விடை தெரிந்தும் கையை உயர்த்தாமல் இருந்துவிட்டு, பக்கத்தில் இருந்தவள் பிழையாகச் சொல்லும்போது மனத்துக்குள் திருத்திக்கொள்வாள், அந்த மனம் இப்போது தேவாலயத்தின் முன்வாங்கில் வந்திருந்துகொண்டு உதயகலா அக்காவுக்குப் பதில் தேடுகிறது, வேறு நேரம் கிடைக்கவில்லையா அதற்கு, இன்னும் ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அதற்குப் பிறகு அவளைத்தான் கூப்பிடப் போகிறார்கள். மாதர் சங்கத்தின் விசேஷக் கூட்டம் இது. பக்கத்துச் சேகரங்களின் சபைகளில் இருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள், வாங்குகள் போதாமல் பின்னுக்குப் பிளாஸ்ரிக் கதிரைகள் போட்டிருந்தது. கருக்கலைப்புச் சட்டத்தை இளக்கவேண்டும் என்று கொழும்பில் கதை எழும்பியிருக்கிறது, இளக்கக்கூடாது என்று இங்கிருந்து கையெழுத்துகள் போகவேண்டும், கையெழுத்து வைக்குமுன் எல்லோருடைய நெஞ்சையும் தொடுகிற மாதிரி ஒரு சாட்சி வேண்டும், அந்தச் சாட்சிதான் லவீனா, பள்ளிக்கூடச் சட்டையோடு இருந்த வயதில் வயிற்றில் பிள்ளை தங்கியும் அழிக்காமல் பெற்று வளர்க்கிற லவீனா.

ஒரு கிழமையாய், சங்கத்தை நடத்துகிற மிரியம் ரீச்சர் அவளைத் தன் வீட்டு விறாந்தையில் நிற்க வைத்துப் பழக்கினார். "நிமிர்ந்து நில் பிள்ளை. மைக்கைப் பார்க்காதை, சனத்தைப் பார். உன்ரை குரல் நுளம்பு பாடுற மாதிரிக் கிடக்கு, கொஞ்சம் உரத்துச் சொல்லு." சொல்லவேண்டியதை எல்லாம் ரீச்சரே வாயில் போட்டுக் கொடுத்திருந்தார், அதில் ஒரு வசனம், சட்டம் இருந்தபடியாலைதான் என்ரை பிள்ளை இண்டைக்கு உயிரோடை இருக்கிறாள், "அதிலை கொஞ்சம் நிப்பாட்டு, சனம் அழும்" என்றார் ரீச்சர். லவீனா அதைக் கிணற்றடியில் சொல்லிப் பார்த்தாள், அடுப்படியில் சொல்லிப் பார்த்தாள், ஒவ்வொரு தரமும் அது மீன்முள் மாதிரித் தொண்டையில் குறுக்கே நின்றது, ஏன் நிற்கிறது, மற்ற எல்லாம் வழுக்கிக்கொண்டு போகிறதே... ரீச்சரிடம் போய் அது அப்படி இல்லை என்று சொல்ல முடியுமா? பிரசவ வாட்டில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் ரீச்சர், தகப்பன் இல்லாத பிள்ளைக்கு ஞானஸ்நானமோ என்று சபையில் குசுகுசுத்தபோது அனுஜாவைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்த் தொட்டியடியில் நின்றவர் ரீச்சர், தையல் நிலையத்தில் வேலை எடுத்துத் தந்தவரும் ரீச்சர்தான், அந்த வேலை இல்லாவிட்டால் என்ன செய்வாள், அவர் தந்த வசனத்தைச் சொன்னால் என்ன, ஒரேயொரு வசனம், சொல்லிவிட்டு வந்து இருந்தால் முடிந்தது.

ஆனால் அது நடந்த கதை இல்லையே. பிள்ளையின் தகப்பன் றொஷான் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்து போன் நம்பரை மாற்றிக்கொண்டபிறகு, அம்மா அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் பக்கத்தில் இருந்தாள், "ஒரு இடம் இருக்காம், ஒருத்தருக்கும் தெரியவராது, திங்கக்கிழமை போவம்" என்றாள், அந்த அறைக்குள் சட்டம் வந்ததா, வரவேயில்லை, அம்மா சட்டத்தை நினைக்கவில்லை, அயலைத்தான் நினைத்தாள், அம்மாவுடைய கண்ணில் இருந்தது பயம், பொலிசைப் பற்றிய பயம் அல்ல, மருதனார்மடம் சந்தையில் மரக்கறி வாங்கப் போகும்போது ஆர் ஆர் என்ன கேட்பார்கள் என்ற பயம். லவீனா "மாட்டன்" என்றாள். அவ்வளவுதான். அம்மா அழுதாள், ஏசினாள், சோறு போடாமல் இருந்தாள், லவீனா திரும்பவும் மாட்டன் என்றாள், தன் வாயில் இருந்து அப்படி ஒரு சொல் வரும் என்று அவளுக்கே தெரியாது. உள்ளே ஓர் ஆள் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது, ஆர் வந்து என்ன விளக்கம் சொன்னாலும் இப்போதும் அப்படித்தான் படுகிறது, அது மாறாது... அந்த மாட்டனை எடுத்துச் சட்டத்தின் கையில் கொடுக்கச் சொல்கிறாரே ரீச்சர், என்னுடையது என்று சொல்ல எனக்கு அந்த ஒரு சொல்தானே இருக்கிறது.

உதயகலா அக்காவிடமும் அழிக்கவேண்டாம் என்றுதான் சொன்னாள். நீர்வேலிக்காரி, வாழைத்தோட்டத்தில் புருஷனோடு வாய்க்கால் தண்ணீர் மாறிவிட்டுத் தையலுக்கு ஓடி வருகிறவள், கடைக்குட்டி இன்னும் பால் மறக்கவில்லை, அதற்குள் வயிற்றில் இன்னொன்று. "என்னாலை ஏலாதடி, உடம்பும் ஏலாது, மனமும் ஏலாது" என்றாள். லவீனா அனுஜாவின் பிறந்த நேரத்துச் சட்டைகளைத் தோய்த்துக் காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள், "பெத்துத் தாங்கோ அக்கா, நான் வளக்கிறன்." அக்கா சிரித்தாள், "உன்னை வளக்கவே ஓராள் வேணும், நீ என்ரையை வளக்கப் போறியோ," அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி. பிறகு அக்கா, ஆரோ ஒளித்து விற்கிற கலைப்புக் குளிசையை வாங்கி விழுங்கிவிட்டாள். லவீனா வேலை முடிந்து பார்க்கப் போனபோது பாய் முழுக்க ரத்தத்தில் நனைந்திருந்தது, பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள், அக்கா அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு, "ஆசுப்பத்திரி வேண்டாம் லவீ, பொலிஸ் வரும், என்னை மறியலிலை அடைச்சா உதுகளை ஆர் பாக்கிறது" என்றாள், உதடு வெளுத்துப்போய், கண் செருகிக்கொண்டு போக, அப்போதும் வேண்டாம் வேண்டாம் என்று... லவீனா அயலில் ஓட்டோக்காரரைக் கூப்பிட்டு அக்காவைத் தூக்கிப் போட்டாள். உயிர் தப்பியது. சேலைன் ஏறிக்கொண்டிருக்கும்போதே கால்மாட்டில் ஒரு பொலிஸ்காரர் வந்து நின்று கேள்வி கேட்டார், அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். லவீனா அந்த வாட்டு வாசலில் நின்று அக்காவுக்காகவும் அழுதாள், இல்லாமல்போன அதற்காகவும் அழுதாள், அக்கா வாங்காமல் திருப்பித் தந்திருந்த சட்டைகளை வீட்டுக்குப் போய் மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள், இரண்டு அழுகையும் ஒரே கண்ணில் இருந்துதான் வந்தது, ஒன்றுக்காக மற்றதை நிறுத்தச் சொன்னால் எப்படி நிறுத்துவாள்?

"இப்ப எங்கடை தங்கச்சி லவீனா சாட்சி சொல்லுவா." எழும்பினாள். மூன்றாம் வாங்கில் அம்மா, அம்மாவின் மடியில் அனுஜா, றிபன் கட்டிய தலை. இந்தச் சேகரத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு, சாட்சி சொல்ல எழும்பினவரை ஒருவரும் இடைமறிக்கக்கூடாது, போதகர்கூட, அவர் ஆமென் என்று முடிக்கும்வரை சபை வாய் திறவாது, முடித்ததும் ஒரு பாட்டு. ஒருமுறை ஒருவர் கொஞ்சம் போட்டுவிட்டு வந்து பெண்சாதியின் மீன்குழம்பைப் பற்றி நீள நீளமாய்ச் சாட்சி சொன்னபோதும் சனம் விசிறியைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருந்தது. ஏர்னெஸ்ட் அண்ணை மைக்கை அவளுடைய உயரத்துக்கு இறக்கிவிட்டுப் போய் ஒலிப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தார். என்ரை பேர் லவீனா... குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது, இது ஆருடைய குரல், இவ்வளவு பெரிதா, பழகினதெல்லாம் ஒழுங்காய் வந்தது, பள்ளிக்கூடம் விட்டது, றொஷான், வெட்கம், பிரசவ வாட்டு, ரீச்சரின் கை, பிறகு, "சட்டம்..." என்றாள். நின்றுவிட்டாள். சனம் அதை அழுகை என்று நினைத்தது, அங்கங்கே கைலேஞ்சிகள் வெளியே வந்தன, ரீச்சர் தலையை ஆட்டினார், நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு, இப்ப சொல்லு. முள் குறுக்கே நிற்கிறது. சொல்லு. உன்னை ஆரும் பிடிச்சு இருத்திப் பெறச் சொன்னவையோ? இல்லை அக்கா. இல்லை. ஒருத்தரும் சொல்லவில்லை.

"சட்டம் என்ரை பிள்ளையைக் காப்பாத்தேல்லை," என்றாள். "நான்தான் காப்பாத்தினனான்." கைலேஞ்சிகள் மூக்கடியில் அப்படியே நின்றன. "அழிக்க வழி இருந்தது. வழி காட்டவும் ஆக்கள் இருந்தவை. சட்டம் வந்து ஒரு கதவையும் பூட்டேல்லை. நான் மாட்டன் எண்டனான், அதுதான் என்ரை சாட்சி. கட்டாயத்திலை பெத்திருந்தா அதிலை சாட்சி சொல்ல என்ன கிடக்கு?" மிரியம் ரீச்சர் சேலைத் தலைப்புக்குக் கீழே கையால் வெட்டிக் காட்டினார், ஏர்னெஸ்ட் அண்ணைக்கு, மைக்கை நிப்பாட்டு, ஏர்னெஸ்ட் அண்ணை பெட்டியில் எதையோ திருகினார், திருகிவிட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், குரல் குறையவில்லை. "வயித்திலை இருக்கிறது ஒரு பிள்ளை எண்டுதான் நான் நம்புறன். அழிக்கிறது எனக்குச் சம்மதமில்லை. ஆரும் வந்து கேட்டா வேண்டாம் எண்டு சொல்லுவன், காலிலை விழுந்தும் சொல்லுவன். ஆனா பொலிசைக் கூட்டிக்கொண்டு வந்து சொல்லமாட்டன். எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, பேர் சொல்லமாட்டன், ரத்தத்துக்குள்ளை கிடந்துகொண்டு சாகப் பயப்பிடேல்லை, ஆசுப்பத்திரிக்குப் போகப் பயந்தவ. இந்தச் சட்டம் அந்தப் பிள்ளையையும் காப்பாத்தேல்லை, தாயையும் எடுக்கப் பாத்தது. அதாலை நான் கையெழுத்து வைக்கமாட்டன்." முடிந்தது, சொல்ல வேறொன்றும் இல்லை, ஆனாலும் அவள் அப்படியே நின்றாள், ஏன் என்றால் அப்போதுதான் கண்டுபிடித்தாள், ஆமென் சொல்லும் வரைக்கும் இந்த இடம் என்னுடையது, இத்தனை பேரும் எனக்காக வாய் மூடிக்கொண்டு இருக்கிறார்கள், வகுப்பில் ஒருநாளும் உயர்த்தாத கை இப்போது கூரை வரைக்கும் உயர்ந்து நிற்கிற மாதிரி, நெஞ்சுக்குள் ஒரு பெரிய யன்னலை ஆரோ தள்ளித் திறந்த மாதிரி, காற்று, எவ்வளவு காற்று... அதை வேண்டிய மட்டும் இழுத்து விட்டுத்தான், ஆறுதலாக, "ஆமென்" என்றாள்.

பாட்டு வரவேண்டும். வரவில்லை. பாட்டைத் தொடங்குகிறவர் மிரியம் ரீச்சர், அவர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதிரை ஒன்று கிறீச்சிட்டது, ஆரோ செருமினார்கள், அந்த நேரம் அனுஜா அம்மம்மாவின் மடியில் இருந்து வழுகி இறங்கி, ஆமென் சொன்னால் பாட வேண்டும் என்று மட்டும் தெரிந்த பிள்ளை, ஞாயிறு பள்ளியில் படித்த பாட்டொன்றைச் சொற்களைப் பாதி விழுங்கிக்கொண்டு உச்சக் குரலில் தொடங்கினாள், கைதட்டி, தாளம் எங்கோ போக... முதலில் பின்வாங்கில் ஒரு சிரிப்பு, பிறகு ஒரு குரல் சேர்ந்தது, பிறகு இன்னொன்று, எல்லோரும் இல்லை, பாதிப் பேர்தான், மற்றப் பாதி வாயை இறுக்கிக்கொண்டு இருந்தது, பாதி போதும், லவீனா இடையில் நடந்து தன் வாங்குக்கு வந்து இருந்தாள்.

வெளியே வேம்புக்குக் கீழே பிளேன்ரீயும் கடிக்கப் பணிஸும். அவள் வர இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அப்பால் போனார்கள், போகட்டும். "நுளம்பு எண்டெல்லோ சொன்னவை, இது குளவியாய் இருக்கு" என்று ஒரு பெரியம்மா காது கேட்கத்தான் சொன்னாள். ஏர்னெஸ்ட் அண்ணை வயரைச் சுற்றிக்கொண்டு வந்து, "நான் நிப்பாட்டத்தான் பாத்தனான் பிள்ளை, சுவிச்சு இறுகிப்போச்சு, பழைய சாமான் கண்டியோ" என்று முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு சொன்னார். கையெழுத்து மேசையில் சிலர் வைத்தார்கள், சிலர் பிறகு வாறம் என்று செருப்பைத் தேடினார்கள், வைத்துவிட்டு வந்த ஒருத்தி அவளுடைய தோளைத் தட்டி, "எனக்கு உன்ரை கதை பிடிக்கேல்லை, ஆனா கதைச்சது பிடிச்சுது" என்றாள், லவீனாவுக்குச் சிரிப்பு வந்தது, சத்தமாய்ச் சிரித்தாள். அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து நீட்டினாள். "நீ என்ரை பேரைச் சொல்லேல்லை." "ஏனம்மா சொல்லவேணும்." அம்மா முகத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டு போனாள். வேலை என்னவாகும், திங்கட்கிழமை தையல் நிலையக் கதவு திறந்திருக்குமா, தெரியாது, மெசின் தைக்கத் தெரிந்த கை இருக்கிறது, மருதனார்மடத்தில் வேறு கடை இல்லையா என்ன, இந்தத் துணிச்சல் எத்தனை நாளைக்கு நிற்கும், நிற்கிற மட்டும் நிற்கட்டும்.

மிரியம் ரீச்சர் வருவது தெரிந்தது. லவீனா நிமிர்ந்து நின்றாள், ரீச்சர் பழக்கிய மாதிரியே, ஏசட்டும், கேட்டுக்கொண்டு நிற்பேன், திரும்பியும் சொல்வேன். ரீச்சர் ஏசவில்லை. அனுஜாவுக்கு முன்னால் குந்தி, பணிஸ் துகளை அவளுடைய கன்னத்தில் இருந்து தட்டிவிட்டு, பாடின பாட்டில் அவிழ்ந்துபோன றிபனைத் திரும்பக் கட்டினார், இறுக்கி, இரண்டு பக்கமும் சமன் பார்த்து. லவீனா அந்தச் சின்னத் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்... இவளும் வளருவாள், ஒருநாள் இவளே வந்து கதவைச் சாத்திவிட்டு எனக்குப் பக்கத்தில் கட்டிலில் இருந்து, என்னாலை ஏலாதம்மா என்றால்? வேண்டாம் என்பேன், அழுவேன், காலில் விழுவேன், அதெல்லாம் சரி, மைக்கிலே சொல்லிவிட்டேன், அதற்குப் பிறகும் அவள் ஏலாது என்றால்... அவளோடு கூடப் போய், அந்த வாசலில் நின்று, அவளுடைய கையைப் பிடிப்பேனா? சட்டத்துக்கு மறுமொழி சொல்லியாயிற்று, இதற்கு இன்னும் இல்லை, இதை ஆரிடம் கேட்பது, ரீச்சரிடமா... "ரீச்சர்" என்றாள். ரீச்சர் எழும்பினார், அவளை ஒருமுறை பார்த்தார், கோபமா, நோவா, வேறேதாவதா, படித்துப் பிடிக்க முடியாத முகம், ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பட்டியைக் கொளுவினார், ஸ்கூட்டியைத் திருப்பினார், வாசல் படலையைக் கடந்து போனார்.