சிவப்புப் பொட்டு வைத்த காயில்

தன் காருக்கு, எஞ்சினில் தீப்பொறி தரும் புது இக்னிஷன் காயில் நாலையும் அவளே வீட்டு வாசலில் வைத்து மாட்டினாள். அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் தலையிலும் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்தாள். அடுத்த வாரமே, தன் கார் மக்கர் பண்ணுகிறது என்று சொல்லி அந்தக் காரைக் கொழுந்தன் இரவல் வாங்கிப் போனான். திரும்பி வந்த வண்டி ஜுரம் கண்டதுபோல் உதறியது.

"உங்க கைவேலை தானே அண்ணி, அப்படித்தான் இருக்கும்" என்று இளித்துவிட்டுப் போனான்.

பானெட்டைத் திறந்தாள். நாலும் கரி பிடித்த பழசு. பொட்டைக் காணோம். அவனிடமும் இதே மாடல் கார்தான். புருஷனிடம்கூடச் சொல்லாமல் பானெட்டை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை, பெண் கொடுக்கப்போகும் மாமனாரோடு கொழுந்தன் விருந்துக்கு வந்தான். "வண்டிக்குப் புது காயில் போட்டிருக்கேன் மாமா, வெண்ணெய் மாதிரி ஓடுது" என்று சாப்பாட்டுக்கு நடுவே அளந்தான்.

"வண்டி வெயில்ல காயுது தம்பி, நிழல்ல விடுறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டாள். கொல்லைப்புறத்தில் நாலு போல்ட்டையும் கழற்றி, பொட்டு வைத்த தன் காயில்களை எடுத்துக்கொண்டு, அவன் பழசை அவனுக்கே மாட்டினாள். எஞ்சின் சூட்டில் வெந்த விரலை ஊதும்போதுகூட இனித்தது.

கிளம்பும்போது கார் குலுங்கிய குலுக்கலில் மாமனாரின் கண்ணாடி மடியில் விழுந்தது.

"என்ன மாப்பிள்ளை, வெண்ணெய்னீங்க?"

அவள் ஸ்பேனரோடு ஜன்னலருகே வந்தாள். "பானெட்டைத் திறங்க தம்பி. உங்க புது காயிலை யாரோ திருடிட்டாங்க போல. மாமா முன்னாடியே பாத்துடலாம்."

அவன் பானெட்டைத் திறக்காமல், ஜன்னலை ஏற்றிவிட்டுக் குலுங்கக் குலுங்கவே வண்டியை எடுத்தான்.